சக்கரம் தரையைத் தொட்டது எங்கே?

என்னுடைய முதல் ஸ்கேட்போர்டிங் காணொளி 3 நிமிடம் 40 வினாடி நீளமானது. அதற்காக ஏழு மாதங்கள், வார இறுதி தவறாமல், நான்கு நண்பர்களோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்திருந்தேன். படத்தொகுப்புக்கு மட்டும் மூன்று வாரம் உறக்கம் கெட்டது. முடித்ததும் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். "செம", "தூள்", "அருமையா வந்திருக்கு" என்று வரிசையாகப் பதில்கள் வந்தன. அந்தச் சொற்களில் இருந்த அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் கேமராவை மறுபடியும் கையில் எடுத்தபோது, முன்பு செய்ததில் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பதில்களில் ஒரு குறிப்புகூட இல்லை என்பது புரிந்தது. பின்னூட்டத்தை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதையெல்லாம் அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில்தான் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டேன். கையில் கிடைத்த கேமராவோடு நண்பர்களைப் படம்பிடித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதல் உண்மையான பின்னூட்டம் எனக்கு ஒரு கேள்வியாக வந்தது. மினி-டிவி (MiniDV) என்ற சிறிய வீடியோ நாடாக்களின் காலத்திலிருந்தே ஸ்கேட்போர்டிங்கைப் படம்பிடித்து வரும் அண்ணன் ஒருவரிடம் காணொளியைக் காட்டினேன். அவர் முதல் முறை ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டுப் பார்த்தார். அதுவே எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இசைக்கு ஏற்ப வெட்டுகளை அமைப்பதில்தான் என் உழைப்பில் பாதி போயிருந்தது. இரண்டாவது முறை ஒலியோடு பார்த்தார். மூன்றாவது முறை 1:12 என்ற இடத்தில் நிறுத்தி, ஐந்து படிகளுக்கு மேலிருந்து என் நண்பர் கிக்ஃபிளிப் செய்து, அதாவது போர்டைக் காலால் உதைத்துக் காற்றில் சுழற்றி, கீழே வரும் கிளிப்பைக் காட்டி, "தம்பி, இவரு எங்க லேண்ட் ஆனாரு?" என்று கேட்டார். இதோ இங்கேதான் என்று திரையின் கீழ்ப்பகுதியைச் சுட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார். போர்டு காற்றில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது, நண்பரின் கால்கள் அதைப் பிடிக்கின்றன, முழங்கால் மடங்குகிறது, அதோடு படச்சட்டத்தின் கீழ் விளிம்பு அவருடைய கணுக்காலை வெட்டிவிடுகிறது. நான்கு சக்கரங்களும் தரையைத் தொடும் கணம் படத்தில் இல்லவே இல்லை. அடுத்த வெட்டு வரும்போது அவர் உருண்டு போய்க்கொண்டிருக்கிறார்.

அந்தக் கிளிப்பை நான் குறைந்தது இருநூறு முறை பார்த்திருப்பேன். ஒருமுறைகூட அந்தக் குறை என் கண்ணில் படவில்லை. காரணம் மிக எளியது. நான் அங்கே இருந்தேன். சக்கரங்கள் தரையில் அறைந்த ஓசையைக் கேட்டேன், நண்பர் கைகளை உயர்த்திக் கத்தியதைப் பார்த்தேன், நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். படத்தில் இல்லாததை என் நினைவு ஒவ்வொரு முறையும் தானாக நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியாளுக்கு அந்த நினைவு கிடையாது, சட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஸ்கேட்போர்டிங் காணொளிக்குப் பின்னூட்டம் தேவைப்படுவது முதன்மையாக இதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். நடந்தது ஒன்று, பதிவானது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் நடந்த இடத்தில் நின்றவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

அந்தத் தவறுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. நான் பயன்படுத்தியது மிக அகலமான கோணத்தைப் பிடிக்கும் ஃபிஷ்ஐ லென்ஸ். 1995 இல் சோனி வெளியிட்ட விஎக்ஸ்1000 கேமராவும் அதன் முன்னால் மாட்டும் செஞ்சுரி ஆப்டிக்ஸ் ஃபிஷ்ஐ லென்ஸும் சேர்ந்து ஸ்கேட்போர்டிங் காணொளிகளின் தோற்றத்தையே வகுத்தன என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் கேமராவின் மேலே ஒரு கைப்பிடி உண்டு. அதைப் பெட்டியைத் தூக்குவது போலப் பிடித்துக்கொண்டு, லென்ஸை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, ஸ்கேட்டரின் பக்கத்திலேயே உருண்டுபோகலாம். இன்று வேறு கேமராவிலோ கைப்பேசியின் அகலக் கோண லென்ஸிலோ எடுப்பவர்களும் அந்தப் பிடிமுறையைத்தான் பின்பற்றுகிறார்கள். ஃபிஷ்ஐ லென்ஸில் அருகில் இருப்பது மிகப் பெரிதாகவும் கொஞ்சம் தள்ளியிருப்பது மிகச் சிறிதாகவும் தெரியும். எனவே ஸ்கேட்டரை ஏறக்குறைய கைக்கெட்டும் தொலைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் விலகினாலே ஆள் பொம்மை அளவாகி, ஐந்து படிகள் ஒற்றைப் படி போலத் தோன்றத் தொடங்கும். நெருங்கிப் போனாலோ, கேமராவின் சாய்வில் ஏற்படும் சிறு பிசகும் காலையோ தலையையோ வெட்டிவிடும். இரண்டில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் தலையை விடலாம், போர்டை விடக் கூடாது என்றார் அண்ணன். நான் அதற்கு நேர்மாறாகச் செய்திருந்தேன். நண்பரின் முகம் படத்தில் தெளிவாக இருந்தது.

அன்றைக்கு அவர் தந்தது ஒரு தாளில் ஒன்பது நேரக்குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு மூன்று சொற்கள் மட்டும் இருந்தன. "0:34 வெட்டு ரொம்பச் சீக்கிரம்." "1:12 சக்கரம் இல்லை." "2:20 மறுபடியும் ஸ்லோ?" நல்லது கெட்டது என்ற தீர்ப்பு எதுவும் அதில் இல்லை. அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். "எடிட்டிங் கொஞ்சம் இழுக்குது" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் நான் மனம் நொந்திருப்பேனே தவிர, திருத்தியிருக்க மாட்டேன்.

0:34 இல் இருந்த குறை பெரும்பாலான புதியவர்களிடம் இருப்பது. ஸ்கேட்டர் தரையிறங்கிய அதே கணத்தில், இசையின் அடியோடு பொருத்தி அடுத்த கிளிப்புக்குத் தாவியிருந்தேன். எனக்கு அது விறுவிறுப்பாகத் தோன்றியது. ஆனால் தரையிறங்குவது டிரிக்கின் முடிவன்று. இறங்கிய பிறகு சமநிலை தவறாமல், கையை ஊன்றாமல், காலைக் கீழே தேய்க்காமல் உருண்டு வெளியேறினால்தான் அந்த டிரிக் கணக்கில் சேரும். நான் வெட்டிய இடத்தைப் பார்த்த ஸ்கேட்டர்கள் மூவரும், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமலேயே, அடுத்த நொடி அவர் விழுந்துவிட்டாரா என்ற ஐயத்தை எழுப்பினார்கள். அவர் விழவில்லை. மூலப் பதிவில் இன்னும் நான்கு வினாடிகள் அழகாக உருண்டு போகிறார். இசைக்காக அந்த நான்கு வினாடிகளைக் கத்தரித்து, நேர்மையாகச் செய்த ஒன்றின் மேல் நானே சந்தேகத்தை வரவழைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு கிளிப்பிலும் உருண்டு வெளியேறுவதைக் குறைந்தது ஒரு வினாடியாவது விட்டுவைக்கிறேன். இசையின் அடி தரையிறங்கும் ஓசையின் மேல் விழட்டும், வெட்டு அதற்குப் பின்னால் வரட்டும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் கிடைப்பது முற்றிலும் மாறுகிறது. ஸ்கேட்டர்கள் டிரிக்கைத்தான் பார்க்கிறார்கள். பின்னங்காலின் விரல் தரையில் உரசியதா, போர்டைச் சரியான உயரத்தில் பிடித்தாரா, தோள் திரும்பியது இயல்பாக இருக்கிறதா என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் கடினமான டிரிக் என்றால் மோசமான ஒளிப்பதிவையும் மன்னித்துவிடுவார்கள். வேறு வகைப் படங்களைத் தொகுப்பவர்கள் வெட்டுகளையும் நிறத்தையும் திசையையும் பார்க்கிறார்கள். இடமிருந்து வலமாகப் போன ஸ்கேட்டர் அடுத்த கோணத்தில் வலமிருந்து இடமாகப் போனால், எதிரே வேறொருவர் வருகிறார் என்ற குழப்பம் பார்ப்பவருக்கு வருகிறது என்பதை எனக்குச் சொன்னவர் திருமண வீடியோக்களைத் தொகுக்கும் ஒருவர். போர்டோடு எகிறிக் குதிக்கும் ஆலிக்கும் கிக்ஃபிளிப்புக்கும் வேறுபாடு அறியாத அவர் சொன்னதுதான் அந்தக் காணொளியில் நான் செய்த மிகப் பெரிய திருத்தத்துக்கு வழிவகுத்தது. இரண்டு தரப்பிலும் சேராதவர்களிடம் நான் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் பார்க்கும்போது முகத்தை மட்டும் கவனிக்கிறேன். கண் திரையை விட்டு விலகும் இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன். "பிடிச்சிருந்தது" என்று அவர்கள் பிறகு சொல்வதைவிட, 2:05 இல் அவர்கள் கைப்பேசியைப் பார்த்தது நம்பத்தக்க செய்தி.

எதிர்பாராத இடத்திலிருந்து வந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். லெட்ஜ் எனப்படும் கான்கிரீட் திண்டு ஒன்றின் மேல் ஒருவர் கிரைண்ட் செய்யும், அதாவது போர்டின் அடியிலுள்ள உலோக அச்சால் உரசிப் போகும், காட்சியை, ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்திருந்தேன். தாளம் முறையாகப் பயின்ற தோழி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "சத்தம் கொஞ்சம் பின்னாடி வருதே" என்றாள். நானும் இரண்டு ஸ்கேட்டர்களும் சேர்ந்து பார்த்தோம், எங்கள் காதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. அவள் விடவில்லை. டெயில், அதாவது போர்டின் பின்முனை, தரையை அடிக்கும் இடத்தில் ஃபிரேமை நிறுத்தி, ஒலி அலையின் முகட்டைப் பார்க்கச் சொன்னாள். முகடு ஏறக்குறைய இரண்டு ஃபிரேம் தள்ளித்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், 20 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 58 மில்லிவினாடி ஆகும். வினாடிக்கு 30 ஃபிரேம் கொண்ட காணொளியில் ஒரு ஃபிரேமின் நீளம் 33 மில்லிவினாடி. கேமராவில் எந்தப் பழுதும் இல்லை, அது கேட்டதைக் கேட்டபடியே பதிந்திருக்கிறது. நேரில் தொலைவில் நின்று பார்க்கும்போது நாம் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஜூம் செய்ததும் ஆள் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றுகிறார், ஓசை மட்டும் பழைய தொலைவிலேயே தங்கிவிடுகிறது. ஒலியை இரண்டு ஃபிரேம் முன்னுக்கு நகர்த்தினேன். கிரைண்ட் திடீரென்று கனம் பெற்றுவிட்டது. கான்கிரீட்டில் உலோகம் உரசுவதைப் பல்லில் உணர முடிந்தது.

ஒலியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் முதல் வடிவத்தில் பாட்டின் சத்தத்தை ஏற்றி, பதிவான ஓசையை ஏறக்குறைய முழுவதுமாக அமுக்கியிருந்தேன். ஸ்கேட்போர்டிங்கில் பாதி காதுக்கானது. கரடுமுரடான தரையில் சக்கரங்கள் உருளும் இரைச்சல், டெயில் அடிக்கும் வெடிப்பு, காற்றில் இருக்கும்போது வரும் அந்த ஒரு நொடி அமைதி, பிறகு நான்கு சக்கரங்களும் ஒன்றாக அறையும் ஓசை என்று ஒவ்வொரு டிரிக்கும் தனக்கென ஒரு தாளத்தை வைத்திருக்கிறது. இறங்கும்போது சக்கரங்கள் ஒன்றாக அறைந்தனவா, முன்னிரண்டு முதலிலும் பின்னிரண்டு பிறகுமாகத் தட்டினவா என்பதைக் கண்ணைவிடக் காது துல்லியமாகச் சொல்லும். பாட்டு சற்றுத் தாழ்ந்து, இந்த ஓசைகள் மேலே வரும்படி இப்போது அமைக்கிறேன்.

ஸ்லோ மோஷன் பற்றி வந்த கருத்துகள்தான் எனக்கு அதிகம் கசந்தன. மொத்தம் 31 கிளிப்புகளில் 14 ஐ நான் மெதுவாக்கியிருந்தேன். அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் என்னிடம் இருக்கவில்லை. அண்ணன் சொன்னது இதுதான்: மெதுவாக்கினால் வேகம் போய்விடும், வேகம் போனால் அச்சமும் போய்விடும், அந்த டிரிக் எவ்வளவு கடினம் என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். முதலில் இயல்பான வேகத்தில் ஒருமுறை முழுதாகக் காட்டு, கால் செய்வது கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்கு நுணுக்கமாக இருந்தால் மட்டும் இரண்டாவது கோணத்தை மெதுவாகக் காட்டு என்றார். அத்தோடு ஒரு தொழில்நுட்பக் குறையும் இருந்தது. வினாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்ததை தொகுப்பு மென்பொருளின் 30 ஃபிரேம் டைம்லைனில் பாதி வேகமாக்கினால், ஒவ்வொரு ஃபிரேமும் இருமுறை காட்டப்பட்டு ஓட்டம் தட்டுத்தடுமாறும். அதைச் சரிசெய்ய, இடைப்பட்ட ஃபிரேம்களை மென்பொருளே ஊகித்து வரையும் வசதியைப் பயன்படுத்தியிருந்தேன். நேராக ஓடும் காருக்கு அது பொருந்தலாம், சுழலும் போர்டுக்குப் பொருந்தாது. ஃபிரேமை நிறுத்திப் பார்த்தபோது, கிக்ஃபிளிப்பின் நடுவில் காலணியும் போர்டும் மெழுகு போல உருகி ஒன்றோடொன்று கலந்திருந்தன. இப்போது மெதுவாக்க வேண்டிவரும் என்று முன்பே தெரிந்தால் 60 இலோ 120 இலோ எடுக்கிறேன். 60 இல் எடுத்ததை 30 டைம்லைனில் சரிபாதி வேகத்துக்கும், 24 டைம்லைனில் 40 விழுக்காட்டுக்கும் எந்த ஊகமும் இன்றிக் குறைக்கலாம். இரண்டாவது காணொளியில் மெதுவான கிளிப்புகள் மூன்றே மூன்று.

மற்ற தொழில்நுட்பக் கருத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருமுறை அறிந்துகொண்டால் அவை மறுபடியும் தொல்லை தருவதில்லை. நிழலிலிருந்து வெயிலுக்கு ஸ்கேட்டர் வரும்போது படம் வெளுத்துப் பின் தெளிந்தது, கேமரா உள்வாங்கும் ஒளியின் அளவான எக்ஸ்போஷரைப் பூட்டி வைத்ததும் அது தீர்ந்தது. நண்பகல் வெயிலில் கேமரா தானாகவே மிக வேகமான ஷட்டரைத் தேர்ந்துகொண்டதால் அசைவு வெட்டிவெட்டித் தெரிந்தது, ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு ஷட்டரை 1/60 வினாடிக்கும் 1/120 வினாடிக்கும் இடையில் வைத்ததும் இயல்பாயிற்று. இரவில் விளக்கடியில் எடுத்தது துடித்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்றும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 என்றும் வைத்தால் பெரும்பாலும் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். ஒருவர் தொடர்ச்சியாகப் பல டிரிக்குகள் செய்யும் லைன்களை நானும் போர்டில் ஏறிப் பின்தொடர்ந்து எடுத்தபோது, என் சக்கரங்களின் இரைச்சல் அவருடையதை மூழ்கடித்தது. டிரிக் செய்யப் பயன்படும் கடினத்தன்மை அளவில் 99ஏ, 101ஏ போன்ற கடினமான சக்கரங்களையே நானும் மாட்டியிருந்தேன். 78ஏ அளவிலான மென்மையான சக்கரங்களுக்கு மாறியதும் இரைச்சலும் அதிர்வும் ஒருசேரக் குறைந்தன. கைப்பேசியின் அதிர்வுநீக்க வசதி செய்து தராததை இரண்டு மென்மையான சக்கரச் சோடிகள் செய்து தந்தன.

கேட்கும் விதம் பற்றி நான் கற்றுக்கொண்டது, கேள்வி குறுகலாக இருக்க வேண்டும் என்பது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் நம் மனம் நோகாத பதிலைத் தேடத் தொடங்கிவிடுகிறார். "எந்த இரண்டு கிளிப்பை நீக்கலாம்?" என்று கேட்டால் அவருக்கு அந்தச் சங்கடம் இல்லை, நீக்கச் சொல்லிக் கேட்டவனே நான்தான். எந்த டிரிக் கடினமானதாகத் தோன்றியது, எந்த இடத்தில் யார் ஓட்டுகிறார் என்று குழப்பம் வந்தது, எந்தக் கிளிப் பார்த்து முடித்த பிறகும் நினைவில் நிற்கிறது என்பவை எனக்குப் பலமுறை பயன் தந்த கேள்விகள். காட்டுவதற்கு முன்னால் விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது என்பதையும் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். "இதை எடுக்கும்போது காவலாளி விரட்டினார், அதனால்தான் கொஞ்சம் ஆடியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காட்டினால், பார்ப்பவரும் என் நினைவைக் கடன் வாங்கிக்கொண்டு பார்க்கிறார். அதன் பிறகு அவருடைய கண் எனக்கு உதவாது.

கிடைத்த கருத்துகளை உடனே செயல்படுத்துவதில்லை, மறுப்பதுமில்லை. எழுதி வைத்துவிட்டு நான்கைந்து நாள் டைம்லைனைத் திறக்காமல் இருக்கிறேன். பிறர் குறை சொல்லும் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் மருந்து அவ்வளவு சரியாக இருப்பதில்லை. 2:05 ஐ ஒட்டி ஒருவர் பாட்டை மாற்றச் சொன்னார், இன்னொருவர் நிறத்தை மாற்றச் சொன்னார், மூன்றாமவர் அங்கே ஒரு ஸ்லோ மோஷன் வேண்டும் என்றார். மூன்று யோசனைகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றாலும், மூவருடைய விரலும் ஒரே இடத்தைத்தான் சுட்டியது. அங்கே ஒரே லெட்ஜில், ஒரே கோணத்தில் எடுத்த நான்கு கிளிப்புகள் அடுத்தடுத்து வந்திருந்தன என்பதை அதன் பிறகுதான் கண்டுகொண்டேன். இரண்டை வேறு இடத்துக்கு நகர்த்தியதும் மூவரின் குறையும் போயிற்று, பாட்டையும் நிறத்தையும் தொடவே இல்லை.

ஒரு கருத்தை ஏற்பதில் மட்டும் எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. எங்களில் ஒருவர் கைப்பிடிக் கம்பி ஒன்றின் மேல் சறுக்கும் டிரிக்குக்காக இரண்டு மாலைகள், அறுபதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் செய்தார். குதிகாலில் வீக்கம், முழங்கையில் தோல் இல்லை. இரண்டாம் நாள் வெளிச்சம் முழுவதும் மங்குவதற்குச் சற்று முன்னால் அது கைகூடியது. காணொளியின் இறுதி டிரிக்காக, அதாவது எல்லாவற்றிலும் பெரியதாக, அதைத்தான் வைத்திருந்தேன். பார்த்தவர்களில் ஒருவர்கூட அதைக் குறிப்பிடவில்லை. கேட்டபோது, "அது கொஞ்சம் இருட்டா இருந்துச்சு" என்றார்கள். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங்கின் ஸ்ட்ரீட் பிரிவில் ஒவ்வொருவருக்கும் 45 வினாடி ஓட்டம் இரண்டும் தனி டிரிக் வாய்ப்புகள் ஐந்தும் மட்டுமே தரப்பட்டன, எத்தனையாவது வாய்ப்பு என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காணொளியில் வாய்ப்புகளுக்கு எல்லை இல்லை, எண்ணிக்கையும் யாருக்கும் தெரிவதில்லை. அறுபத்து மூன்றாம் முயற்சியும் முதல் முயற்சியும் திரையில் ஒரே மூன்று வினாடிகள்தான். அந்த இருட்டில் எடுக்க ஒப்புக்கொண்டது என் தவறு, விளக்கு கொண்டுபோகாததும் என் தவறு.

அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். இறுதி இடத்திலிருந்து அதை எடுத்துவிட்டு நடுவில் வைக்கப் போகிறேன், விழுந்த முயற்சிகளில் நான்கை அதற்கு முன்னால் சேர்க்க அனுமதி வேண்டும் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, விழுந்ததில் எந்த நான்கு என்பதைத் தானே தேர்ந்து தருவதாகச் சொன்னார். அவர் தேர்ந்தவை நான் நினைத்திருந்த பெரிய வீழ்ச்சிகள் அல்ல. கம்பியைத் தொட்டும் தொடாமலும் நழுவிய, ஒவ்வொரு முறையும் ஒரு சாண் கூடுதலாகச் சறுக்கிய முயற்சிகள். அவற்றை வரிசையாக வைத்ததும் பார்ப்பவருக்கு அந்த இரண்டு மாலைகளும் கொஞ்சமேனும் புரியத் தொடங்கின. அடுத்த சுற்றில் பார்த்த நால்வரில் மூவர் நினைவில் நின்றதாக அந்த இடத்தைத்தான் சொன்னார்கள்.

ஸ்கேட்டரின் கருத்தும் பின்னூட்டம்தான் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். ஒரே டிரிக் இருமுறை கைகூடினால், என் ஒளிப்பதிவு சிறப்பாக அமைந்ததையே நான் எடுத்துக்கொள்வது வழக்கம். அவர்களோ தங்கள் கைகள் அமைதியாக இருந்ததை, இறங்கியது தெளிவாக இருந்ததை விரும்புவார்கள். இந்தப் பிணக்கில் இப்போது நான் அவர்கள் பக்கம் நிற்கிறேன். உடல் அவர்களுடையது, எலும்பும் அவர்களுடையது. சட்டம் சற்று ஆடினாலும் அவர்கள் தம்முடையது என்று சொல்ல விரும்பும் கிளிப்தான் காணொளியில் இருக்க வேண்டும். சக்கரம் சட்டத்துக்கு வெளியே போயிருந்தால் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மறுபடியும் போய் எடுக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் என்னைவிடப் பல வயது இளைய ஒருவன் தன் முதல் காணொளியை அனுப்பி, "அண்ணா, உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். முதலில் ஒலியில்லாமல் பார்த்தேன், பிறகு ஒலியோடு. பதினைந்து குறைகள் கண்ணில் பட்டன. பதினைந்தையும் அனுப்பினால் அவன் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிடுவான் என்று தோன்றியது. மறுபடியும் எடுக்காமலே, தொகுப்பு மேசையிலேயே அவனால் இன்றைக்கே சரிசெய்யக்கூடிய மூன்றை மட்டும் நேரக்குறிப்போடு எழுதினேன். படமெடுக்கும்போது கவனிக்க வேண்டியதில் ஒன்றை மட்டும் சேர்த்தேன். எது நன்றாக இருந்தது என்பதையும் அதே துல்லியத்தோடு எழுதினேன். 0:48 இல் டிரிக் தொடங்குவதற்கு முன்னால் அவன் நண்பன் போர்டைக் காலால் திருப்பி நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விடுவதை வெட்டாமல் விட்டிருந்தான். அந்த இரண்டு வினாடிகளில் ஓட்டுபவனின் பயம் தெரிந்தது. அதை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஐந்து படிக் கிக்ஃபிளிப்பை நாங்கள் மறுபடியும் எடுத்தோம். நண்பருக்கு அதே படிகளுக்குத் திரும்பிப் போகும் விருப்பம் பெரிதாக இல்லை. ஏற்கெனவே செய்து முடித்ததை என்னுடைய தவறுக்காக மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. அவர் தயாராகும்வரை மூன்று வாரம் காத்திருந்தேன். இம்முறை படிகளின் கீழே, வலப்பக்கம் குந்தி உட்கார்ந்து, லென்ஸைத் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வைத்து, அவர் பறந்து வரும்போது கேமராவைப் பின்னிழுத்தபடி சட்டத்தின் கீழ் விளிம்பில் தரை எப்போதும் ஒரு விரலளவு தெரியும்படி பார்த்துக்கொண்டேன். பதினொன்றாம் முயற்சியில் கைகூடியது. போர்டு லென்ஸுக்கு இரண்டு சாண் தொலைவில் இறங்கியது, நான்கு சக்கரங்களும் ஒன்றாக அறைந்தன, புழுதி கண்ணாடியில் தெறித்தது. அவர் திரும்பி வந்து என்னைக் கட்டிப்பிடிக்கும் முன்னரே நான் கிளிப்பைப் பின்னோக்கி ஓட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அவரும் பக்கத்தில் குனிந்து திரையைப் பார்த்தார். சக்கரங்கள் தரையைத் தொடும் ஃபிரேம் வந்ததும், "அதோ, இருக்கு" என்று முதலில் சொன்னவர் அவர்தான்.